குறட்டை விடுகிறான் என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் பதின்வயதுப் பிள்ளைகள் குடிப்பதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதே வாரம் இன்னொரு பக்கத்தில், டாக்டர் எழுதிக்கொடுக்கும் வலி மாத்திரைகளைப் பிள்ளைகள் போதைக்காகப் போடுவதைப் பற்றி ஒரு செய்தி. இரண்டையும் முழுதாகப் படித்தேன். இரண்டிலும் சொல்லியிருப்பது உண்மைதான். ஆனால் நான் வேலை பார்க்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு நடுராத்திரியில் தூக்கி வரப்படும் பிள்ளைகளிடம் இந்த இரண்டும் தனித்தனிப் பக்கத்தில் இருப்பதில்லை. ஒரே வயிற்றில் இருக்கின்றன. அதை யாரும் எழுதவில்லையே என்றுதான் இந்தக் கடிதம்.

நான் நர்ஸ். பெரும்பாலும் நைட் டியூட்டி. குடித்துவிட்டு வருகிற பிள்ளை, மாத்திரை போட்டுவிட்டு வருகிற பிள்ளை, இரண்டும் செய்த பிள்ளை என்று மூன்று வகையையும் பார்க்கிறேன். எங்களைக் கலங்க வைப்பது மூன்றாவது வகை. ஒன்றும் ஒன்றும் சேர்ந்து இரண்டு ஆகிற கணக்கு இல்லை இது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது பதினாறு. விளையாடும்போது முழங்கால் தசைநார் கிழிந்து ஆபரேஷன் ஆகியிருந்தது. வலிக்கு ஓபியாய்டு வகை மாத்திரை, அதாவது அபின் குடும்பத்தைச் சேர்ந்த வலுவான வலி மாத்திரை எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வலி குறைந்துவிட்டது, மாத்திரை மிச்சம் இருந்தது. பெரியவர்கள் ஊரில் இல்லாத ஒரு நண்பன் வீட்டில் பையன்கள் கூடியிருக்கிறார்கள். கால் வலிக்கிறது என்று இவன் ஒரு மாத்திரை போட்டிருக்கிறான். அப்புறம் எல்லாரோடும் சேர்ந்து குடித்திருக்கிறான். அப்புறம் "நல்லா இருக்குடா" என்று இன்னும் மாத்திரை. கொஞ்ச நேரத்தில் சோபாவில் சாய்ந்து பெரிதாகக் குறட்டை விட ஆரம்பித்துவிட்டான்.

நண்பர்கள் அந்தக் குறட்டையைப் போனில் வீடியோ எடுத்திருந்தார்கள். "எப்போதிலிருந்து இப்படி இருக்கிறான்?" என்று நான் கேட்டபோது, பதில் சொல்ல வாய் வராமல் அவர்களில் ஒருவன் போனை என்னிடம் நீட்டினான். பார்த்தேன். குறட்டை வருகிறது, நிற்கிறது. நெஞ்சு அசையவில்லை. நீளமான ஓர் இடைவெளிக்குப் பிறகு இழுத்துக்கொண்டு மறுபடி வருகிறது. அந்த இடைவெளி முழுக்கப் பின்னால் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. அது தூக்கம் என்றே நம்பினார்கள். அது தூக்கம் இல்லை. நாக்கும் தொண்டைத் தசையும் தளர்ந்து பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கிற சத்தம் அது. இந்த நிலையில் வருகிற குறட்டையை நாங்கள் அபாய அறிகுறியாகத்தான் எடுத்துக்கொள்வோம்.

அவர்களில் குடிக்காத ஒரு பையன் இருந்தான். இவன் உதடு நீலம் பாரித்திருப்பதை அவன்தான் பார்த்திருக்கிறான். அவன் சொல்லித்தான் தூக்கி வந்தார்கள்.

அந்த அறையில் முதலில் செய்கிற வேலை மூச்சை எண்ணுவது. மானிட்டர் காட்டுகிற எண்ணை மட்டும் நம்ப முடியாது. கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே ஆகாது, ஏனென்றால் மூச்சுக்கு நடுவே வருகிற இடைவெளி சீராக இருக்காது. பெரியவர்களுக்கும் இந்த வயதுப் பிள்ளைகளுக்கும் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு வரை இருக்கும். இவனுக்கு 6. கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இப்போது பல வீடுகளில் அது இருக்கிறது. ஆக்சிஜன் மாஸ்க் போட்டவுடன் அந்தக் கருவியில் எண் அழகாக மேலே ஏறிவிடும். ஆனால் மூச்சு 6-லேயே இருந்தால் உள்ளே கரியமில வாயு வெளியேறாமல் சேர்ந்துகொண்டேதான் இருக்கும். எண் நன்றாக இருக்கிறது என்று திரும்பி நின்றால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும்.

நாலாக்சோன் என்று ஒரு மருந்து இருக்கிறது. ஓபியாய்டு போய் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். 1971-லிருந்து பயன்பாட்டில் இருக்கிற பழைய மருந்து. அமெரிக்காவில் 2023-லிருந்து மருந்துச் சீட்டு இல்லாமலே மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாகக் கிடைக்கிறது. அந்தப் பையனுக்கு அதைக் கொடுத்ததும் கண் திறந்தான், அம்மா என்றான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கொஞ்ச நேரம் போனதும், "எழுந்துட்டானே சிஸ்டர், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடட்டுமா?" என்று கேட்டார். விஷயம் வெளியே தெரிவதற்குள் போய்விட வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. புரிந்தது. ஆனால் நாலாக்சோன் வேலை செய்வது 30 முதல் 90 நிமிடம் வரைதான். மாத்திரை அதைவிட நீண்ட நேரம் உடம்பில் இருக்கும். அது தவிர, நாலாக்சோன் மதுவைத் தொடவே தொடாது. அதனால் நாலாக்சோனின் வேகம் அடங்கியதும் பிள்ளை மறுபடியும் மயக்கத்துக்குள் போய்விடக்கூடும். அன்றும் அப்படித்தான் ஆனது. விடியும் வரை பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தோம். பிழைத்துவிட்டான். வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகளிடம் சொல்வதற்கு நம்மிடம் மிரட்டலைத் தவிர ஒன்றும் இருக்காது. நாம் நினைத்து நினைத்து மூச்சு விடுவதில்லை. மூளைத்தண்டில் இருக்கும் ஒரு பகுதி, ரத்தத்தில் கரியமில வாயு ஏறுவதை உணர்ந்து, மூச்சை இழுக்கச் சொல்லி உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கிறது. கோடீன், டிரமடால், டபென்டடால், ஆக்சிகோடோன், மார்பின் போன்ற ஓபியாய்டு மருந்துகள் அந்த உணர்வை மழுங்கடிக்கின்றன. மது வேறொரு வழியாக வந்து மூளையின் மொத்த விழிப்பையும் அமுக்குகிறது. இரண்டும் வெவ்வேறு கதவு வழியாக நுழைந்து ஒரே இடத்தில் கை வைக்கின்றன. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதை அளந்தே பார்த்தார்கள். 2017-ல் வெளியான அந்த ஆய்வில், ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஒரே ஒரு ஆக்சிகோடோன் மாத்திரை கொடுத்ததில், அவர்கள் ஒரு நிமிடத்தில் இழுக்கும் காற்றின் அளவு 28 சதவீதம் குறைந்தது. அதோடு மதுவும் சேர்ந்தபோது இன்னொரு 19 சதவீதம் போனது. அதாவது ஏறக்குறைய பாதி மூச்சு இல்லை. ஒரு மாத்திரைக்கு, டாக்டர்கள் பக்கத்தில் நிற்கும்போது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. மெதுவாகக் கரையும்படி செய்யப்படும் வலி மாத்திரைகள் உண்டு. ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து அதற்குள் இருக்கும். பல்லடோன் என்று அப்படி ஒரு ஓபியாய்டு மாத்திரை, கேப்சூல் வடிவில், அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மது அந்த மெதுவாகக் கரையும் அமைப்பைக் கெடுத்து மருந்தை ஒரேயடியாக வெளியே கொட்டிவிடுகிறது என்று தெரியவந்தது. சோதனையில், கடுமையான மதுவோடு சேர்ந்தபோது ரத்தத்தில் மருந்தின் உச்ச அளவு சராசரியாக ஆறு மடங்கு ஏறியது. பியர் அளவுக்கு லேசான மதுவோடு கூடச் சிலருக்கு இரண்டு மடங்கை நெருங்கியது. 2005 ஜூலையில் அந்த மாத்திரையைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு டாக்டர் சரியான அளவு எழுதி, ஒரு மருந்தாளுநர் சரியாக எடுத்துக்கொடுத்து, நோயாளியும் ஒரே ஒரு மாத்திரை போட்டிருந்தால்கூட, கையில் இருந்த கோப்பை அந்த அளவை மாற்றிவிடுகிறது. பிள்ளைகள் நினைப்பது நேர்மாறாக. "இது டாக்டர் குடுத்தது ஆன்ட்டி, போதைப் பொருள் இல்ல" என்று என்னிடமே வாதாடியவர்கள் இருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு மாத்திரை எங்கிருந்து வருகிறது? எல்லாரும் இருட்டுச் சந்தில் நிற்கும் ஆளைத் தேடுகிறார்கள். நான் கேட்டு எழுதிக்கொள்ளும் பதில் பெரும்பாலும் வீடுதான். அப்பாவின் முதுகுவலி மாத்திரை. அக்காவுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியபோது வாங்கியதில் மிச்சம். புற்றுநோயில் இறந்துபோன பாட்டியின் மாத்திரைப் பெட்டி, மனசு வராமல் அப்படியே அலமாரியில் இருந்தது. அமெரிக்காவில் எடுக்கும் தேசியக் கணக்கெடுப்புகளிலும் இதுதான் தெரிகிறது. வலி மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், கடைசியாக அதை ஒரு நண்பரிடமோ உறவினரிடமோ பெற்றதாகச் சொல்கிறார்கள். இன்னும் ஒன்று. டாக்டர் சொல்லாமலே ஓபியாய்டு மாத்திரை போட்ட பள்ளி இறுதியாண்டு மாணவர்களைப் பற்றி அங்கே மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதியபோது, பத்தில் ஏழு பேர் அளவுக்கு அதை வேறொன்றோடு சேர்த்தே போட்டிருந்தது தெரிந்தது. முன்னால் நின்றவை கஞ்சாவும் மதுவும். தனியாக மாத்திரை மட்டும் போடும் பிள்ளை அங்கேயே குறைவு என்றால், நாம் ஏன் இன்னும் தனித்தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்?

பெற்றோர் பலர் என்னிடம் சொல்வது: "தினமும் வாயை ஊதச் சொல்லிப் பாக்கறேன் சிஸ்டர்." அந்த அக்கறையை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் மாத்திரைக்கு வாசம் கிடையாது. குடித்த வாசம் வந்தாலும், அதோடு கண்டுபிடிப்பு முடிந்துவிடுகிறது. "குடிச்சிருக்கான், காலைல பேசிக்கலாம்" என்று கதவைச் சாத்திவிடுகிறோம். குடித்திருக்கிறான் என்று தெரிந்தால்தான் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். வேறென்ன போட்டாய்? அதைக் கோபத்தில் கேட்டால் பதில் வராது. அந்த ராத்திரி கோபம் ஒதுங்கி நிற்கட்டும். கோபப்பட மறுநாள் இருக்கிறது, பிள்ளை இருந்தால்.

குடிப்பதை நிறுத்திய பிறகும் ரத்தத்தில் மதுவின் அளவு ஏறலாம் என்பதும் பலருக்குத் தெரியவில்லை. வயிற்றில் கிடப்பது தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும். படுக்கைக்கு நடந்து போனவன், பேசிக்கொண்டே படுத்தவன், ஒரு மணி நேரம் கழித்து மோசமாக இருப்பது அதனால்தான். "நல்லாத்தானே பேசினான்" என்று அழுகிற நண்பர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, என்ன செய்ய வேண்டும்? குடித்துவிட்டோ மாத்திரை போட்டுவிட்டோ ஒரு பிள்ளை சாய்ந்துவிட்டால், பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிடுங்கள். தோளைப் பிடித்து உலுக்குங்கள். எழவில்லையா, கையை மடக்கி முட்டியால் நெஞ்செலும்பில் அழுத்தித் தேயுங்கள். அதற்கும் ஒழுங்காக விழிக்கவில்லை என்றாலோ, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தாலோ, உதடும் நகமும் நீலம் பாரித்தாலோ, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வருவதற்குள் பிள்ளையைப் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மேலே இருக்கும் காலின் முட்டியை முன்னால் மடக்கி, தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, வாய் தரையைப் பார்க்கும்படி. வாந்தி வந்தால் வெளியே ஒழுகிவிடும், மூச்சுக்குழாய்க்குள் போகாது. மூச்சு வந்துகொண்டிருக்கும் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்கவே கூடாது. மூச்சே வரவில்லை என்றால் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பேசுபவர் போனிலேயே சொல்லித்தருவார், லைனைத் துண்டிக்காதீர்கள். காபி கொடுக்காதீர்கள். தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தாதீர்கள். தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். காலியான மாத்திரை அட்டை கிடந்தால் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். எங்களுக்கு அந்த அட்டை பத்து நிமிடக் கேள்விகளை மிச்சப்படுத்தும்.

அந்த அட்டை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு பெண்பிள்ளையின் கதை. பதினைந்து வயது. அவள் மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. நண்பர்களோடு குடித்திருக்கிறாள், மறுநாள் தலைவலி. வீட்டில் இருந்த வலி மாத்திரையைப் போட்டிருக்கிறாள், கேட்கவில்லை என்று காய்ச்சல் மாத்திரையையும் போட்டிருக்கிறாள். ராத்திரி மறுபடி குடித்திருக்கிறாள். மறுபடி மாத்திரை. இதில் யாரும் கவனிக்காத விஷயம், டாக்டர் எழுதும் பல ஓபியாய்டு மாத்திரைகளில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கிறது. காய்ச்சல் மாத்திரையும் அதே பாராசிட்டமால்தான். வலி தாங்காமல் போட்டாலும் போதைக்குப் போட்டாலும் பாராசிட்டமாலின் கணக்கு ஒன்றுதான். அளவு மீறினால் கல்லீரல் அதைக் கையாளும்போது ஒரு நச்சுப்பொருள் உண்டாகி, அதைச் செயலிழக்கச் செய்யக் கல்லீரலில் இருக்கும் பொருளின் இருப்பு தீர்ந்துபோகிறது. தொடர்ந்து குடிப்பவர்கள், சாப்பிடாமல் கிடப்பவர்களிடம் அந்த இருப்பே குறைவு. இந்த ஆபத்துக்காகத்தான் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011-ல் இப்படிப்பட்ட கலவை மாத்திரைகளில் பாராசிட்டமாலை 325 மில்லிகிராமுக்கு மேல் வைக்கக் கூடாது என்று தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது.

பாராசிட்டமாலின் கொடுமை, அது பொய் நம்பிக்கை கொடுப்பது. முதல் நாள் குமட்டல், வாந்தி. எல்லாரும் குடித்ததால் வந்தது என்று நினைப்பார்கள். அப்புறம் ஒரு நாள் உடம்பு தேறியது மாதிரி இருக்கும். அந்தத் தேறிய நாளில்தான் உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். மாற்று மருந்து இருக்கிறது, அசிடைல்சிஸ்டீன். ஆனால் எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் அது முழுப் பலன் தரும். அவள் வந்தபோது அந்த நேரம் எப்போதோ கடந்திருந்தது. நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இப்போது நன்றாக இருக்கிறாள் என்று அவள் அம்மா சொன்னார்.

டாக்டர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. என்னோடு வேலை பார்க்கும் டாக்டர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் மூன்று நாள் வலிக்கு இருபது மாத்திரை எழுதினால் மிச்சம் எங்கே போகும் என்று எழுதும்போதே யோசிக்க வேண்டும். பல் பிடுங்கிய வலிக்கு ஐபுப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்த்துக் கொடுத்தாலே பெரும்பாலானவர்களுக்கு ஓபியாய்டு அளவுக்கு, சில நேரம் அதைவிட நன்றாகவே, வலி அடங்குகிறது என்று பல் மருத்துவ ஆய்வுகள் சொல்லிப் பல வருடம் ஆகிவிட்டது. டிரமடாலைப் பன்னிரண்டு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது, டான்சில் ஆபரேஷன் ஆன பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கூடாது என்று அமெரிக்காவில் 2017-லேயே எச்சரித்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வருடம், 2016 ஆகஸ்டில், ஓபியாய்டு மருந்துகளோடு தூக்க மாத்திரை வகைகளோ மதுவோ சேர்ந்தால் மூச்சு நின்று மரணம் வரலாம் என்பதை மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிட வைத்தார்கள். அச்சிட்டதை யார் படிக்கிறார்கள்? சொல்ல வேண்டும். பதின்வயதுப் பிள்ளைக்கு மருந்து எழுதும்போது பெற்றோரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "நீ குடிப்பாயா? யாரிடமும் சொல்ல மாட்டேன், உன் மூச்சுக்காகத்தான் கேட்கிறேன்" என்று கேட்க வேண்டும். பெற்றோர் முன்னால் கேட்டால் எந்தப் பிள்ளை உண்மை சொல்லும்?

இதைப் படித்துவிட்டு வலி மருந்தே விஷம் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அது எனக்குப் பெரிய பயம். புற்றுநோய் வலியில் துடிக்கிற பிள்ளைக்கு மார்பின் கொடுக்கத் தயங்குகிற பெற்றோரையும் நான் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் மார்பின் இருப்பது காரணம் இல்லாமல் இல்லை. ஆபரேஷன் ஆன பிள்ளைக்கு வலி இருந்தால் மருந்து கொடுக்க வேண்டும். அந்த மாத்திரைகளை எண்ணிப் பூட்டி வைத்துப் பெரியவர் கையால் கொடுக்க வேண்டும், வலி போனதும் மிச்சத்தை மருந்தாளுநரிடம் கேட்டு முறையாக அப்புறப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். தோலில் ஒட்டும் ஃபென்டனைல் பட்டையை எடுத்த பிறகும் அதில் நிறைய மருந்து மிச்சம் இருக்கும். அதைக் குப்பைத் தொட்டியில் அப்படியே போடுவதை தயவுசெய்து நிறுத்துங்கள்.

பழகிப்போன பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பரீட்சைக்காகவோ சிகிச்சைக்காகவோ சில வாரம் நிறுத்தியிருந்துவிட்டு, பழைய அளவிலேயே திரும்பத் தொடங்குவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. உடம்பு முன்பு தாங்கிய அளவை இப்போது தாங்காது. "விட்டுட்டான்" என்று நிம்மதி அடைந்த வீட்டிலிருந்துதான் சில நேரம் எங்களுக்கு அந்த போன் வருகிறது. கவனத்தை அப்போதுதான் கூட்ட வேண்டும். இனி தொடாதே என்று சத்தியம் வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளாமல், போதை மீட்பு சிகிச்சை தருபவர்களிடம் அழைத்துப் போங்கள். இது சிகிச்சை உள்ள நோய். பல பிள்ளைகள் மீண்டு வந்து என்னிடமே பேசியிருக்கிறார்கள்.

கடைசியாக, அந்த நண்பர்களைப் பற்றி. முதலில் சொன்ன பையனைத் தூக்கி வந்தவர்கள், உதடு நீலமானதைப் பார்த்த பிறகும் அரை மணி நேரம் யாரைக் கூப்பிடுவது என்று சண்டை போட்டிருக்கிறார்கள். போலீஸ் வருமா, பள்ளியிலிருந்து நீக்குவார்களா, வீட்டில் அடிப்பார்களா. அந்த அரை மணி நேரத்தைத் திருடியது மதுவோ மாத்திரையோ இல்லை, நம் மீதான பயம். அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலம் 2007-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. அளவு மீறிய போதையில் கிடக்கும் ஒருவருக்காக உதவி கேட்டு அழைப்பவர் மீது போதைப் பொருள் வைத்திருந்ததற்கு வழக்குப் போடக் கூடாது என்பது அதன் சாரம். பிறகு அங்கே பெரும்பாலான மாநிலங்கள் அதைப் பின்பற்றின. சட்டம் வர நாளாகலாம். ஒரு வீட்டில் இன்றைக்கே சொல்லலாம், ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் நாளைக் காலையே சொல்லலாம்: நண்பனுக்காக உதவி கேட்டுக் கூப்பிட்ட பிள்ளையை, நீயும் குடித்தாயா என்று அந்த ராத்திரியில் யாரும் கேட்க மாட்டோம்.

அந்தக் குடிக்காத பையனை அவன் அப்பா வராந்தாவில் எல்லார் முன்னாலும் அறைந்தார், இப்படிப்பட்ட பசங்களோடு ஏன் சேர்ந்தாய் என்று. நான் குறுக்கே போய் நின்றேன். "ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கான் சார் உங்க பையன்" என்றேன். அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஆசிரியர் அவர்களே, பரீட்சைகள் முடிந்து விடுமுறை தொடங்கும்போதுதான் எங்கள் வார்டில் இந்த வயதுப் பிள்ளைகள் அதிகம் வருகிறார்கள். அதற்கு முன்னால் இதை வெளியிட்டால் உதவியாக இருக்கும். கடிதம் நீளம் என்பது தெரியும். வெட்ட வேண்டுமென்றால் ஆய்வுகளையும் ஆண்டுகளையும் வெட்டிக்கொள்ளுங்கள். பிள்ளையை எழுப்பிப் பார்ப்பது, ஒருக்களித்துப் படுக்க வைப்பது, ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது பற்றிய அந்தப் பத்தியை மட்டும் ஒரு வரிகூடக் குறைக்காமல் போடுங்கள். நோயாளிகளின் நலன் கருதி என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அவசர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் ஒரு செவிலியர்